பாயிண்டைத் தேய்ப்பதா, மாட்யூல் போடுவதா, என்ஜினையே மாற்றுவதா? பழைய ஸ்னோ ப்ளோவரில் தீப்பொறி நின்றுபோனால்

விஸ்கான்சின் மாநிலத்துப் பிரில்லியன் ஊரிலிருந்து ஏரியன்ஸ் நிறுவனம் பனியை அள்ளி வீசி ஒதுக்கும் தன் முதல் ஸ்னோ ப்ளோவரை 1960இல் வெளியிட்டது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பனையான இத்தகைய இயந்திரங்களில் மிகப் பலவற்றைச் சுழற்றியது டெகும்சே என்ஜின். அதே மாநிலத்தின் நியூ ஹோல்ஸ்டீனில் இருந்த லாசன் என்ஜின் தொழிலை 1956இல் வாங்கி இத்துறைக்குள் வந்த டெகும்சே, 2008ஆம் ஆண்டின் இறுதியில் என்ஜின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. எனவே இன்று உங்கள் கராஜில் ஐந்து குதிரைத்திறன் கொண்ட எச்எஸ் 50, ஏழு குதிரைத்திறன் கொண்ட எச் 70 போன்ற ஒன்று நின்றுகொண்டிருந்தால், அதன் ஆயுள் இனி அதை வைத்திருப்பவரின் கையில்தான் இருக்கிறது. உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் எதை வாங்குவது, எந்த அளவுக்கு அவிழ்ப்பது என்பதை உரிமையாளரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த முடிவு பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வந்து சேரும். ஏப்ரல் முதல் தொடாமல் கிடந்த இயந்திரம், முதல் பெரும்பனி விழுந்த காலையில், எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் ஒரு தும்மல்கூடப் போடாது. நகராட்சி வண்டி தெருவை ஒதுக்கிச் செல்லும்போது வீட்டு வாசலில் இடுப்பளவு இறுகிய பனியைக் குவித்துவிட்டுப் போயிருக்கும். அந்த அவசரத்தில் எடுக்கப்படும் முடிவுகள்தாம் பெரும்பாலும் தவறிப்போகின்றன. தீப்பொறிக்கான மின்னோட்டத்தை அறுக்கும் சுவிட்சான பாயிண்டையும் அதன் துணையான கண்டென்சரையும் சீர்செய்வது, உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றுவது, பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு மாட்யூல் பொருத்துவது, பிற்கால மின்னணுப் பற்றவைப்புத் தொகுதியை முழுமையாக மாற்றிப் போடுவது, என்ஜினையே தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வைப்பது எனப் பல வழிகள் இருக்கின்றன. இவற்றை விலையை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். ஒப்பிட வேண்டிய அளவுகோல், காந்தம் பதித்த சுழல் சக்கரமான ஃப்ளைவீல் என்பதே என் கருத்து: அதைக் கழற்றியாக வேண்டுமா, கழற்றினால் ஒரே தடவையில் எத்தனை வேலைகளை முடித்துக்கொள்ள முடியும் என்ற கேள்விதான் பணத்தையும் நேரத்தையும் தீர்மானிக்கிறது.

அதற்கு முன், கோளாறு பற்றவைப்பில்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் கோடை முழுவதும் கார்புரேட்டரில் தங்கிக் கெட்டுப்போவதுதான் இந்த இயந்திரங்கள் கிளம்பாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் புதிய பெட்ரோல் விட்டு, பிளக்கை மீண்டும் பூட்டி இழுத்தால், என்ஜின் இரண்டு மூன்று வெடிப்புகளுக்குப் பிறகு அடங்கிவிடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் தீப்பொறி இருக்கிறது, எரிபொருள்தான் வரவில்லை. எந்தச் சத்தமும் இல்லையென்றால் 0.030 அங்குல இடைவெளி வைத்த புதிய பிளக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதைவிட, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. பிளக்கை வெளியே வைத்து என்ஜின் உடம்பில் தொட்டுப் பார்க்கும் பழைய வழி, சிலிண்டர் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும்போது ஆபத்தானது. அது மட்டுமன்று, திறந்த வெளியில் பொறி தெரிந்தாலும் அழுத்தத்துக்குள்ளே அதே பொறி தாண்டும் என்பதற்கு உறுதி இல்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது என்ஜினை நிறுத்தும் வயர். சாவியிலிருந்தோ சுவிட்சிலிருந்தோ வரும் இந்த ஒற்றை வயர் என்ஜின் உடம்பைத் தொட்டால் தீப்பொறி நின்றுவிடும். என்ஜின் அணைவதே அப்படித்தான். கோடையில் என்ஜின் உறைக்குள் கூடு கட்டும் எலி அதன் மேலுறையைக் கடித்துவிட்டிருந்தால், சாவி எந்த நிலையில் இருந்தாலும் என்ஜின் அணைந்த நிலையிலேயே இருக்கும். அந்த வயரை வெளியே உள்ள இணைப்பில் கழற்றிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் காயில் வாங்கியவர்கள் பலர். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

எண்ணெயையும் இந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். பேட்டரி இல்லாத இந்த என்ஜின்களில் மின்சாரம் ஃப்ளைவீலின் காந்தம் காயிலைக் கடந்து செல்லும் வேகத்திலிருந்துதான் பிறக்கிறது. கோடைக்கு ஏற்ற கெட்டியான எண்ணெயை மாற்றாமல் விட்டால், உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே அது தேன்பாகு போல இறுகி, கயிற்றின் வேகத்தை விழுங்கிவிடும். வேகம் குறைந்தால் பொறியும் மெலியும். குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-30 ஊற்றிய பிறகு, கராஜில் நன்றாகவும் வாசலில் மோசமாகவும் கிளம்பிக்கொண்டிருந்த இயந்திரங்கள் சரியாகிவிடுவதுண்டு. என்ஜினில் 120 வோல்ட் மின் ஸ்டார்ட்டர் இருந்தால், வீட்டு மின்சாரத்தைக் கொடுத்து வேகமாகச் சுழற்றிப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் பயன்தரும் ஒப்பீடு.

இவ்வளவுக்குப் பிறகும் பொறி இல்லையென்றால் உறையைக் கழற்றத்தான் வேண்டும். டெகும்சேயின் பழைய என்ஜின்களில் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் ஃப்ளைவீலுக்கு அடியில், ஸ்டேட்டர் என்ற ஒரே தட்டில் அமர்ந்திருக்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் கம்பிச் சுற்றில் மின்னோட்டம் ஏறுகிறது. என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டில் பூட்டிய, ஒரு பக்கம் மேடான கேம் பாயிண்டைத் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. திறக்கும் கணத்தில் பாயிண்டின் முகங்களுக்கிடையே பொறி பறந்து வீணாகாமல் காப்பது கண்டென்சரின் வேலை. பழைய பஜாஜ் ஸ்கூட்டரின் பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் தமிழ்நாட்டு மெக்கானிக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஸ்கூட்டர் ஆண்டு முழுவதும் ஓடியது, இந்த என்ஜின் எட்டு மாதம் ஈரக் கராஜில் தூங்குகிறது என்பதுதான் வேறுபாடு. தூங்கும்போது பாயிண்டின் முகங்களில் மெல்லிய ஆக்சைடு படிகிறது. முதல் சுற்றில் எழும் குறைந்த மின்னழுத்தம் அந்தப் படலத்தைத் துளைப்பதில்லை. உடைந்த பாகம் ஒன்றுகூட இல்லாமல் தீப்பொறி முற்றாக மறைந்துபோவதற்கு இது போதும்.

ஆகவே முதல் வழியான பாயிண்டைச் சீர்செய்வதே பெரும்பாலான வேளைகளில் முடிவான வழியாகவும் அமைகிறது. பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, ஃப்ளைவீல் நட்டை எடுத்த பின், சக்கரத்தைக் கூம்புத் தண்டிலிருந்து விடுவிக்க வேண்டும். இதற்கென்று உள்ள, அடித்துக் கழற்ற உதவும் நட்டைத் தண்டில் திருகி, ஒன்றரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, சக்கரத்தின் பின்னால் நெம்பிக்கொண்டே நட்டின் மேல் ஒரே அடியாக அடித்தால் சக்கரம் விடுபடும். கிராங்க் தண்டு பால் பேரிங்கில் சுழலும் மாதிரிகளில் அடிக்கக் கூடாது, திருகி இழுக்கும் கருவியான புல்லர்தான் பயன்படுத்த வேண்டும். சக்கரத்தின் வெளி விளிம்பில் கொக்கி மாட்டி இழுப்பது எந்த மாதிரிக்கும் ஆகாது, வார்ப்பு உடைந்துவிடும். சக்கரம் வந்தவுடன், அதைத் தண்டோடு சரியான கோணத்தில் பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவிக்கட்டையைப் பாருங்கள். அது பாதி வெட்டுண்டிருந்தால் பொறியின் நேரம் பிசகியிருக்கிறது என்று பொருள். பாயிண்டின்மேல் பழிபோட அவசரப்பட வேண்டாம்.

பாயிண்டின் முகங்கள் சாம்பல் நிறத்தில் மட்டமாக இருந்தால் நயமான அரத்தால் ஓரிரு முறை இழுத்து, கரைப்பானில் நனைத்த கெட்டி அட்டையை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தால் போதும். ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் குழியுமாக உலோகம் இடம்பெயர்ந்திருந்தால் இரண்டையும் மாற்றிவிட வேண்டும். கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்பதற்கும் அதுவே அடையாளம். இடைவெளி முழுதாகத் திறந்த நிலையில் 0.020 அங்குலம், அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். திருகை இறுக்கும்போது இந்த அளவு நழுவும் என்பதால் இறுக்கிய பிறகு இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை மறுபடி நுழைத்துப் பார்ப்பது கட்டாயம். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து பற்றவைப்பு நேரமும் முந்திவிடும். எனவே இடைவெளியை முதலிலும், ஸ்டேட்டர் தட்டைத் திருப்பி நேரத்தைப் பிறகும் சரிசெய்ய வேண்டும். தட்டைக் கழற்றும் தேவை வந்தால் அதன் பழைய இடத்தை ஒரு கீறலால் குறித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் வைத்துப் பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பார்க்கிறவர்கள் காயிலின் வயரைப் பாயிண்டிலிருந்து பிரித்துவிட வேண்டும். முதல் சுற்றின் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவு. அது இணைந்திருக்கும்வரை பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் மீட்டர் ஒன்றையே சொல்லும்.

கண்டென்சரைப் பற்றி வழக்கமான அறிவுரையிலிருந்து நான் சற்று விலகுகிறேன். பாயிண்டை மாற்றினால் கண்டென்சரையும் மாற்று என்பார்கள். கொள்கை சரிதான், ஏனென்றால் உயர்ந்த மின்னழுத்தத்தில் கசியும் கண்டென்சரைச் சாதாரண மல்டிமீட்டர் நல்லது என்றே காட்டும். ஆனால் இப்போது வரும் மலிவான மாற்றுக் கண்டென்சர்களில் சில, ஐம்பது ஆண்டு ஓடிய பழையதைவிட விரைவில் செத்துவிடுகின்றன. புதியதைப் போடுங்கள், ஆனால் பாயிண்ட் முகங்கள் மட்டமாகத் தேய்ந்திருந்த என்ஜினின் பழைய கண்டென்சரைக் குப்பையில் போடாதீர்கள்.

காயிலை மாற்றும் வழிக்கு அதற்குரிய அறிகுறி இருக்க வேண்டும். குளிராகக் கிளம்பி, இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பும் என்ஜினில் காயிலின் உட்காப்பு விரிசல் விட்டிருக்கலாம். எரிபொருள் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் இதே நாடகம் நடக்கும் என்பதால், என்ஜின் நின்றவுடன் மூடியைத் தளர்த்திப் பார்த்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே பொறியைச் சோதித்தால்தான் எது குற்றவாளி என்று தெரியும். இரண்டாம் சுற்றின் மின்தடை சில ஆயிரம் ஓம் இருக்க வேண்டும். மீட்டர் முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. மின்தடை சரியாக இருந்தாலும் காயில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பாயிண்ட் சீரான பின்பும் பொறி மஞ்சளாகவும் மெலிவாகவும் இருந்தால் காயில் வாங்கலாம். பாயிண்டைப் பார்க்காமலே முதலில் காயில் வாங்குவது, காய்ச்சலுக்கு மருந்தாகக் கண்ணாடி வாங்குவது போன்றது.

மாட்யூல் என்பது விரல்நுனி அளவுள்ள டிரான்சிஸ்டர் சுவிட்ச். காயிலின் முதல் சுற்றில் எழும் அலையைத் தானே உணர்ந்து மின்னோட்டத்தை அறுப்பதால் பாயிண்டும் கண்டென்சரும் தேவைப்படுவதில்லை. தேய்வதற்கும் துருப்பிடிப்பதற்கும் எதுவும் இல்லை என்பது உண்மையான நன்மை. ஃப்ளைவீலைக் கழற்றாமலே இதைப் பொருத்திவிடலாம் என்ற ஆசையில்தான் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருகிறார்கள். என்ஜினை நிறுத்தும் வயர் காயிலின் முதல் சுற்றோடுதான் சேர்ந்திருக்கிறது, ஆகவே மாட்யூலை அந்த வயரோடு வெளியிலேயே இணைத்தால் சில என்ஜின்கள் ஓடவும் செய்யும். ஆனால் உள்ளே பாயிண்டும் கண்டென்சரும் மின்சுற்றிலேயே இருக்கின்றன. ஆக்சைடு படிந்து பாயிண்ட் கடத்தாத வரைதான் இந்த ஏற்பாடு நிற்கும். அதிர்வில் படலம் உரிந்து பாயிண்ட் மறுபடி தொடத் தொடங்கினால் இரண்டு சுவிட்சுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முறையாகப் பொருத்த வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி, காயிலின் வயரைப் பாயிண்டிலிருந்தும் கண்டென்சரிலிருந்தும் விடுவித்தே ஆக வேண்டும். சக்கரத்தைக் கழற்றிய பின் பாயிண்டைச் சுத்தம் செய்ய இருபது நிமிடம் போதும் எனும்போது, மாட்யூலின் முக்கியமான கவர்ச்சி அங்கேயே கரைந்துவிடுகிறது.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. பற்றவைப்பு நேரத்தை இப்போது கேமுக்குப் பதில் காந்தத்தின் நகர்வு தீர்மானிப்பதால், அது தொழிற்சாலை வைத்த இடத்தில் துல்லியமாக அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலும் மாட்யூல் விழித்துக்கொள்ள ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். கடுங்குளிரில் கையால் இழுப்பவருக்கு அது தொல்லைதான். காந்தத்தின் திசைக்கேற்ப முனைகளைப் பார்த்து இணைக்க வேண்டிய மாட்யூல்களும் இருக்கின்றன. ஆயினும் ஒரு நிலையில் நான் தயங்காமல் மாட்யூலையே சொல்வேன்: கிராங்க் தண்டின் எண்ணெய் சீல் கசிந்து பாயிண்டை மீண்டும் மீண்டும் நனைக்கிறது, சீலை மாற்ற மனமில்லை, அல்லது கேம் தேய்ந்து பாயிண்ட் 0.020 அங்குலம் திறக்கவே மறுக்கிறது என்றால், பாயிண்டோடு போராடுவதில் பயனில்லை.

பிற்கால டெகும்சேகளில் வந்த, ஃப்ளைவீலுக்கு வெளியே அமரும் மின்னணுக் காயிலை முழுத் தொகுதியாக மாற்றிப் போடுவது தொழில்நுட்ப நோக்கில் மிகத் தூய்மையான தீர்வு. அதற்குப் பொருத்தமான ஃப்ளைவீல், காயில், சாவிக்கட்டை மூன்றும் ஒரே என்ஜினிலிருந்து வர வேண்டும். ஒன்றிலிருந்து சக்கரமும் மற்றொன்றிலிருந்து சாவிக்கட்டையும் எடுத்துச் சேர்த்தால் நேரம் பிசகிவிடும். காயிலுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 0.0125 அங்குலம். உடற்கூடான பிளாக் உடைந்த ஒரு பழைய என்ஜின் கையில் இருந்தால் தவிர, இந்தத் தொகுதிக்காக அலைவது தகாது.

கடைசி வழி புதிய என்ஜின். ஹோண்டா ஜிஎக்ஸ்200 வடிவத்தைப் பின்பற்றிச் சீனாவில் தயாராகும் 212 சிசி என்ஜின்கள் மலிவாகக் கிடைப்பதால், கோளாறு எதுவாக இருந்தாலும் இதையே தீர்வாகச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். பாயிண்டுக்கும் கண்டென்சருக்கும் ஆகும் செலவைப் போலப் பல மடங்கு ஆனாலும், அது ஒரு நாளில் முடியும் வேலையாகத் தோன்றுகிறது. தோற்றம் ஏமாற்றும். தண்டின் விட்டம், உயரம், புல்லி, பெல்ட் வரிசை எல்லாம் ஒத்துவர வேண்டும். அதைவிடப் பெரிய தடை, சில இயந்திரங்களில் உள்ள இரட்டைத் தண்டு என்ஜின். அவற்றில் கேம் தண்டு வெளியே நீண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில், எதிர்த் திசையில் சுழன்று ஸ்னோ ப்ளோவரின் தரைச் சக்கரங்களை ஓட்டுகிறது. ஒற்றைத் தண்டுப் புது என்ஜினை அந்த இடத்தில் வைத்தால் வேகத்தையும் திசையையும் சரிசெய்யப் புல்லி அமைப்பையே மறுபடி வடிவமைக்க வேண்டும். வாங்குவதற்கு முன் பெல்ட் மூடியைக் கழற்றித் தண்டு ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்ப்பது மிகவும் அவசியம்.

இன்னொன்றையும் பலர் பனிக்குள் இறங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். பனிக்காக அமைந்த டெகும்சேயில் காற்று வடிகட்டி கிடையாது. பனிக்காலத்தில் தூசி இல்லை, நனைந்த வடிகட்டி உறைந்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு, சைலன்சர் பக்கத்துச் சூடான காற்று கார்புரேட்டரைச் சுற்றி வரும்படி ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். புல்வெட்டிக்கும் பம்புக்கும் செய்த கோடை என்ஜினில் இந்தப் பெட்டி இல்லை. அதைப் பனியில் ஓட்டினால் வடிகட்டியில் பனித்தூள் ஏறுவதும் கார்புரேட்டரின் இயங்கு பாகங்கள் உறைவதும் நடக்கும். புதிய என்ஜின் வாங்குவதென்றே முடிவு செய்தால், பனிக்கென்று அமைந்த மாதிரியைத்தான் வாங்க வேண்டும். அதன் விலையைச் சேர்த்த பின் கணக்கு மாறிவிடுகிறது. எண்ணெய் எரிந்து நீலப்புகை வந்தாலோ, அழுத்தம் போய்விட்டாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தாலோ மட்டுமே என்ஜின் மாற்றுவதைப் பற்றி நான் யோசிப்பேன். பற்றவைப்புக் கோளாறு ஒன்றே அதற்குக் காரணமாகாது.

என்னிடம் உள்ள ஒற்றைத் தண்டு, ஏழு குதிரைத்திறன் இயந்திரத்தில், நிறுத்தும் வயரையும் எண்ணெயையும் பார்த்த பிறகும் பொறி வராததால் ஃப்ளைவீலைக் கழற்றினேன். பாயிண்ட் முகங்கள் மட்டமாக, ஆனால் கருமை படிந்து இருந்தன. சாவிக்கட்டை முழுமையாக இருந்தது. சீலைச் சுற்றி ஈரம் இல்லை. மாட்யூலுக்கும் காயிலுக்கும் இடமே இல்லை என்று இந்த மூன்றும் சொல்லிவிட்டன. பாயிண்டைத் துடைத்து இடைவெளி வைத்து, புதிய கண்டென்சரைப் போட்டு, தட்டின் உறையும் அடைப்பும் சரியாக அமர்ந்தனவா என்று பார்த்து, நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். அதைக் கைக்கணக்கில் இறுக்கினால் என்ஜின் அடுத்த முறை பின்னோக்கி உதைக்கும்போது சாவிக்கட்டை வெட்டுப்படும். மூன்றாம் இழுப்பில் என்ஜின் கிளம்பியது. ஜனவரி நடுவில், வாசலில் பாதிப் பனி ஒதுக்கிய நிலையில், அந்தப் புதிய கண்டென்சர் செத்தது. பழையதைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து மறுபடி பூட்டினேன். இந்தப் பருவம் முழுவதும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.